அறுப்பு நாளுக்காக நிறுத்திய மாத்திரை

வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் பரோயே தீவில் அக்டோபர் வந்தால் ஆடு அறுப்பு. தனியாக வாழும் ட்ரோண்டுரின் கொட்டகையில் மனிதக் குரல் கேட்பது அன்று ஒரு நாள்தான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் கோபன்ஹேகனில். மற்ற நாளெல்லாம் மனுஷன் ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டு கிடப்பார். ஆனால் அவரைப்போலத் தோலுரிக்க ஊரில் ஆளில்லை. அதனால் எல்லோரும் அவர் கொட்டகைக்கே ஆட்டை ஓட்டி வருவார்கள்.

வசந்தத்தில் நெஞ்சடைப்பு வந்து, டென்மார்க் ஆஸ்பத்திரியில் இதய ரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்து அனுப்பினார்கள். அதில் ரத்தம் கட்டிக்கொள்ளாமலிருக்க இரண்டு வகை மாத்திரை. டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் விடக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். கோடையில் மீன் அறுக்கும்போது விரலில் ஒரு கீறல். அடேயப்பா, துண்டு நனைந்தும் ரத்தம் நிற்கவில்லை, எல்லாம் அந்த மாத்திரையின் வேலை! அறுப்பன்று இப்படி ஆகி இறைச்சியில் சொட்டினால் ஊர் முகம் சுளிக்கும், அடுத்த வருஷம் வேறு கொட்டகைக்குப் போய்விடும். டாக்டரைப் போய்த் தொந்தரவு செய்வானேன் என்று, ஒரு வாரம் முன்பே இரண்டையும் தாமாக நிறுத்திவிட்டார். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

அறுப்பன்று கொட்டகை கலகலத்தது. பக்கத்து வீட்டு ஹொக்னி வம்புக்கு இழுத்தான்.

"என்னப்பா, கத்தியைத் தீட்டினியா, தடவிக் குடுத்தியா?"

"உன் நாக்கை முதல்ல அறுத்துப் பாத்துடலாமா?"

சிரிப்பு அடங்குவதற்குள் கத்தி நழுவி அவர் கட்டைவிரலில் பட்டது. ஹொக்னியின் மகள் மார்யுன் ஓடிவந்து துணியை வைத்து அழுத்தினாள். அவள்தான் ஊருக்கு நர்ஸ். கொஞ்ச நேரத்தில் துணியை எடுத்தாள். ரத்தம் நின்றிருந்தது.

"பாத்தியா, ஒண்ணுமில்ல" என்றார் ட்ரோண்டுர் பெருமையாக.

மார்யுன் சிரிக்கவில்லை. "மாமா, அந்த மாத்திரை போடறவங்களுக்கு இவ்வளவு சட்டுனு நிக்காது. எப்போ நிறுத்தினீங்க?"

"போன வாரம்" என்றார், திருட்டு முழி முழித்து.

அவள் அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டாள். பேசி முடித்ததும் அவர் பக்கம் திரும்பினாள். "இப்பவே போடணுமாம். எத்தனைன்னு அவர் சொல்லியிருக்கார், நானே எடுத்துத் தரேன். நீங்களா ரெண்டு நாளுக்குச் சேத்து முழுங்காதீங்க. ரத்தம் வந்தா விடாம அழுத்திப் பிடிங்க, நிக்கலைன்னா என்னைக் கூப்பிடுங்க. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க. ஸ்டென்ட் அடைச்சா ஆளே மிஞ்சமாட்டீங்க."

"கத்திய வெச்சிடணுமா?"

"இன்னைக்கு வெச்சிடுங்க."

வைத்தார். ஹொக்னி அதை எடுத்து, அவர் விட்ட இடத்திலிருந்து உரிக்கத் தொடங்கினான். சுமாராகத்தான் உரித்தான். ஆனால் வேலை நடந்தது. அவர் இல்லாமலும் நடந்தது. ட்ரோண்டுர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மார்யுன் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"நெஞ்சு வலிச்சா உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். ஆமா, அவங்க வர்ற வரைக்கும் கூட இருக்க யாரைக் கூப்பிடுவீங்க?"

கொட்டகையில் கத்திகள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"கூப்பிட ஆள் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, இந்த ஒரு நாள் கூட்டத்துக்காக மாத்திரையை நிறுத்தியிருக்கவே மாட்டேனேம்மா" என்றார்.