வேலிக்கு ஏற்ற வயிறு

“இந்தா மயிலு, நல்லா எண்ணிக்க. நாலு வாய்ச் சோறுதான். அஞ்சாவது வாய் இருந்துச்சுன்னா என்னைப் புடிச்சுக் குடுத்துரு” என்று சொல்லி, பஞ்சாலை வாழையிலைத் துண்டைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். காலை ஆறு மணி. மலாயாவில் பெடாஸிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தின் முள்வேலிக் கதவுக்கு முன்னால், பால்வெட்டுக்குப் போகும் பெண்கள் வாளியும் கத்தியுமாக வரிசையில் நின்றார்கள். அவர்களைத் தடவிப் பார்த்து வெளியே அனுப்புவதுதான் மயிலம்மாளின் வேலை. மாராப்பு, கொசுவம், தலைத்துண்டு, வாளியின் அடி என்று எங்கே கை வைத்தால் அரிசி அகப்படும் என்பது ஒரே மாதத்தில் அவளுக்கு அத்துப்படி ஆகியிருந்தது. ஒளிக்காமல் கையில் ஏந்திக்கொண்டு வந்து நிற்கும் சோற்றை என்ன செய்வது என்று மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அதுவும் ஏந்தி நிற்பது கூடப்பிறந்த அண்ணன் பெண்டாட்டி.

துப்பாக்கியோடு நின்ற மலாய்க் காவலர் ஹாசான் எட்டிப் பார்த்தார். கூடாது என்று கையை ஆட்டினார். மயிலம்மாள் இலையை வாங்கி, பிடிபட்ட தீனியெல்லாம் போடுகிற தகரப் பீப்பாயில் போட்டாள். அண்ணி திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சரிலா, கேட்டுப் பாத்தேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு பஞ்சாலை வாளியைத் தோளில் மாட்டிக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டாள்.

பஞ்சாலையின் வயிற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஒரு காலத்தில் அந்தக் கூலி லயத்திலேயே பெரிய உடம்பு அவளுடையது. விடியலில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் அவள் வந்து நின்றால் மேற்பார்க்கும் மண்டோர் முருகையா, “ஒண்ணு, ரெண்டு” என்று அவள் ஒருத்தியையே இரண்டாக எண்ணுவார். அவளும் சிரித்துக்கொண்டே, “ரெண்டாள் சம்பளம் போட்டுருங்க மண்டோரே” என்பாள். ஐம்பத்திரண்டாம் வருஷம் குடல்புண் முற்றி இரத்தமாக வாந்தி எடுத்தாள். சிரம்பான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். உயிர் பிழைத்தாள். உடம்புதான் போய்விட்டது. ரவிக்கையைப் பிடித்துப் பிடித்துத் தைத்தே மூன்று வருஷம் ஓடியது. நாலு வாய்க்கு மேல் உள்ளே போனால் நெஞ்சு படபடத்து வேர்த்து விறுவிறுத்துப் படுத்துவிடுவாள். நாலு வாயோடு நிறுத்தினாலோ இரண்டு மணி நேரத்தில் கண் இருட்டும். வேறொருத்தியாக இருந்தால் மூலையில் முடங்கியிருப்பாள். பஞ்சாலை என்ன செய்தாள் தெரியுமா? சோற்றை நாலு நாலு வாயாகப் பிரித்து இலையில் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனாள். எட்டு மணிக்கு ஒரு மரத்தடி, பத்து மணிக்கு இன்னொரு மரத்தடி. தின்றுவிட்டு எழுந்து மற்றவர்களுக்குச் சமமாகப் பால் கொண்டுவந்து தராசில் நிறுத்தாள். மயிலம்மாளுக்கு அண்ணியின் மேல் இருந்த மரியாதை அப்போதே பக்தியாக மாறத் தொடங்கியிருந்தது.

இந்த நிலையில்தான் புது உத்தரவு வந்தது. காட்டுக்குள் ஒளிந்து வெள்ளைக்கார அரசாங்கத்தோடு சண்டை போடுகிறவர்களுக்குத் தோட்டத்திலிருந்து ஒரு பருக்கைகூடப் போகக் கூடாது. லயத்தைச் சுற்றி ஏற்கெனவே முள்வேலி இருந்தது. இப்போது வேலியைத் தாண்டிச் சோறு கொண்டுபோனால் ஜெயில் என்றார்கள். மற்றவர்கள் விடியலில் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஒரு மணி வரை தாக்குப் பிடித்தார்கள். பஞ்சாலையால் எப்படி முடியும்? மூன்று வாரத்தில் இரண்டு முறை தனக்கு ஒதுக்கிய மர நிரையில் மயங்கி விழுந்தாள்.

போன வாரம் மயிலம்மாள்தான் அவளைச் சிரம்பானுக்குக் கூட்டிப்போனாள். வெள்ளைக்கார டாக்டர் பழைய தழும்பை அழுத்தி அழுத்திப் பார்த்தார். அவர் சொன்னதை மருந்து கட்டும் டிரசர் தமிழில் சொன்னார். மறுபடி வயிற்றைத் திறந்து, பழைய தையலைப் பிரித்து, வேறு மாதிரி இணைத்துப் பார்க்கலாம். சரியாக வந்தால் எல்லோரையும் போல வேளைக்கு ஒரு தட்டுச் சோறு சாப்பிடலாம். ஆனால் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும், முதல் தடவையைவிட ஆபத்து, பிழைப்பதற்கு உத்தரவாதம் இல்லை. பஞ்சாலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“முன்ன மாதிரி கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு மணிக்கொருக்கா தின்னுக்கிட்டிருந்தா வெட்டணுமான்னு கேளுங்க.”

டிரசர் கேட்டார். வேண்டாம், அப்படியே பல வருஷம் ஓட்டலாம் என்றார் டாக்டர். பஞ்சாலை தலையை ஆட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை தோட்டத்து லோரி சிரம்பானுக்குப் போகும். ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு வருகிறவர் பெயரைப் புதன்கிழமைக்குள் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் கொடுத்துவிட வேண்டும். மயிலம்மாள் சோற்றைப் பீப்பாயில் போட்டது திங்கட்கிழமை. அன்று ஒன்பதரைக்கே பஞ்சாலையை இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். அவளைத் தாங்கி வாங்கும்போது மயிலம்மாளுக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

மத்தியானம் அண்ணன் வீட்டில் ஒரே புலம்பல். சன்னாசி ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டில் வேலை செய்கிறவன், முரட்டு ஆள். அவன் பெண்டாட்டியின் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

“வியாழக்கிழம போயிருவோம் பஞ்சாலை. இப்பிடித் தெனமும் உன்ன பொணமாட்டம் தூக்கிட்டு வர்றத என்னால பாக்க முடியாது.”

“அங்கேருந்து நெசமாவே பொணமா தூக்கிட்டு வந்தா பாப்பீங்களா?” என்றாள் பஞ்சாலை. அவன் இன்னும் சத்தமாக அழுதான். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு அவள் மெதுவாகச் சொன்னாள்: “எனக்கு மட்டும் ஆச இல்லையா? மீன் கறி ஊத்தி ஒரு தட்டு சோறு, நிறுத்தாம, பயப்படாம திங்கணும்னு கனாவே வருது.”

மயிலம்மாள் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தணித்தாள். “அண்ணி, நாளைக்கு இடுப்புல செருகிக்கிட்டு வாங்க. நான் தடவுற மாதிரி தடவி அனுப்பிர்றேன். ஒரு நாய்க்கும் தெரியாது.”

பஞ்சாலைக்குக் கோபம் வந்ததை அன்றுதான் மயிலம்மாள் பார்த்தாள். “தாலியறுத்தவ ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு இந்த வேலைக்கு நிக்கிற. மாட்டுனா என்னைய மட்டுமா ஏத்துவான்? என் வயித்துக்கு நாலு வாய், உன் புள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்ல. அந்தச் சோறு எனக்கு எறங்குமா? பேசாம போ.” பிறகு புருஷனையும் சேர்த்துப் பார்த்துச் சொன்னாள்: “டாக்டர் என்னா சொன்னாரு? வெளிய சோறு கொண்டுபோக முடிஞ்சா வெட்ட வேணாம்னாரு. அப்ப சீக்கு எனக்கில்ல, வேலிக்கு. வேலிக்கு ஏத்த மாதிரி என் வயித்தத் தைக்கச் சொல்றீங்க எல்லாரும்.”



புதன்கிழமை பால் நிறுத்து முடிந்ததும் அவள் ஆபீசுக்குப் போனாள். பெயர் கொடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்து மயிலம்மாளும் கூடப் போனாள். கிராணி இராஜமாணிக்கம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “லோரிக்குத்தானே பஞ்சாலை?” என்றார்.

“இல்லைங்க ஐயா. எனக்கு நிரை மாத்திக் குடுங்க. கேட்டுக்குப் பக்கத்துல ஏணி வச்சு வெட்டுற கெழட்டு மரங்க இருக்குல்ல, அது வேணும். எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் வேலிக்கு உள்ள வந்து நின்னு தின்னுட்டுப் போயிர்றேன். சோறு வெளிய வராது. நான் உள்ள வர்றேன்.”

கிராணி வாயைப் பிளந்தார். அந்த நிரைக்கு ஆம்பிளைகளே முகம் சுளிப்பார்கள். ஏணியைத் தூக்கி மரத்துக்கு மரம் சாய்த்து, ஏறி நின்று தலைக்கு மேலே கத்தி பிடிக்க வேண்டும். பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரையே வெளியே வந்துவிட்டார். அவருக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும். பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் ‘நீ’தான்.

“நீ ஏணியிலேருந்து விழுந்தா யார் பொறுப்பு?”

“நான்தாங்க பொறுப்பு. ஒரு வாரம் குடுத்துப் பாருங்க. ஒரே ஒருக்கா விழுந்தாலும் அடுத்த வியாழக்கிழம நானே லோரியில ஏறிக்கிறேன். வெட்டுறதுன்னா என் வயித்துக்காக வெட்டட்டும்.”

துரையை அத்தனை நேராகப் பார்த்துப் பேசிய பெண்ணை மயிலம்மாள் அதற்கு முன் கண்டதில்லை. துரை தாடையைச் சொறிந்தார். சோற்றுத் தட்டு காலியாகிக் கழுவி வைக்கும் வரைக்கும் கேட் திறக்கக் கூடாது, ஒரு பருக்கை வெளியே போகக் கூடாது, அதற்குச் சோதனைக்காரி மயிலம்மாள்தான் ஜவாப்தாரி என்று நிபந்தனை போட்டார். ஒரு வாரம், அவ்வளவுதான் என்றார்.

வியாழக்கிழமை லோரி அவள் இல்லாமல் போயிற்று. எட்டு மணி அடித்ததும் பஞ்சாலை ஏணியை வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். சேலையெல்லாம் பாலும் சேறும். மயிலம்மாள் தட்டை நீட்டினாள். சோறும் கொஞ்சம் கருவாடும். காவலர் ஹாசான் கட்டையைத் தாழ்த்திக் கதவை அடைத்தார். பஞ்சாலை தரையில் சப்பணமிட்டு முதல் வாயைப் போட்டு மென்றாள். அவசரப்பட்டு விழுங்கினால் படபடப்பு வரும் என்பதால் கூழாகும் வரை மெல்லுவாள்.

இரண்டாம் வாய் மெல்லும்போது, வெளியே போவதற்காகத் துரையின் ஜீப் வேலிக்கு உள்ளேயிருந்து வந்து கதவுக்கு முன்னால் நின்றது. ஹாரன் அடித்தது. ஹாசான் தட்டைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். “நாந்தி துவான்” என்று மலாயில் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் தட்டைச் சுட்டிக் காட்டினார். நிபந்தனை போட்டவரே துரைதானே. ஹாரன் இன்னொரு முறை நீளமாக அடித்தது. பஞ்சாலையின் நெற்றியில் வேர்வை பொடித்தது. ஏணி தூக்கிய வேர்வையா, அந்தப் பாழாய்ப்போன படபடப்பின் வேர்வையா என்று மயிலம்மாளுக்குத் தெரியவில்லை. துரையின் ஜீப் வந்தாலே வழியை விட்டு ஒதுங்கி நிற்கிறவள் அவள். எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, ஜீப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அண்ணிக்கு எதிரே குந்தினாள்.

“நீங்க மெதுவா தின்னுங்க அண்ணி. யாரும் எங்கேயும் போயிர மாட்டாங்க.”

பஞ்சாலை தலையை ஆட்டினாள். மூன்றாவது வாயை எடுத்தாள். சற்று நேரம் கழித்து ஜீப்பின் இஞ்சின் அணைந்தது. அந்த நிசப்தத்தில் அவள் கருவாட்டை மெல்லுகிற சத்தம் கதவு வரைக்கும் கேட்டது.