லிச்சிக்குக் காது குத்து

பழனி மலைச்சரிவில், விதை போட்டு வளர்க்கும் மரங்களைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினால்தான் காய்க்கும். ஒட்டுக்கன்றுகளுக்கு நர்சரியிலேயே குத்தி அனுப்பிவிடுவார்கள். அதனால் அவற்றை வாங்குகிறவர்களுக்குச் சொந்தபந்தம் பற்றிய கவலை இல்லை.

சுருளிவேல் விதைக்காரர். ஊரே ஒட்டுக்கன்றுகளாக வாங்கி நட்டபோது, அவர் ஒரு லிச்சிக் கொட்டையைக் காய்வதற்குள் ஈரச்சாக்கில் சுற்றி முளைக்க வைத்தார். வெயிலுக்குக் கீற்றுப் பந்தல், பனிக்குக் கோணிப் போர்வை. இப்போது மரம் கூரைக்கு மேலே நிற்கிறது. தெருவில் போகிறவர்களிடமெல்லாம், "நம்ம கையால போட்ட விதை" என்பார். பூ மட்டும் வரவில்லை.

தாய்மாமன் என்றால் அவர் மனைவி மரகதவல்லியின் தம்பி வீரபத்திரன்தான். கன்று முழ உயரம் இருக்கும்போது அவன் வந்து பார்த்துவிட்டு, "இது காய்க்கிறதுக்குள்ள நீங்க காஞ்சுருவீங்க மச்சான்" என்றான். அன்றோடு பேச்சு நின்றது.

"இந்த மார்கழிக்குள்ள குத்தலைன்னா காது தடிச்சிரும். அப்புறம் ஆயுசுக்கும் வெறும் நிழலுக்குத்தான்" என்றாள் மரகதவல்லி. "ஏங்க, உங்களுக்கு வீம்பு பெருசா, புள்ள பெருசா?"

சுருளிவேல் யோசித்தார். மரத்தை மரத்துக்காக வளர்த்தோமா, மச்சினன் வாயை அடைக்க வளர்த்தோமா? அவருக்கே தெரியவில்லை. வெற்றிலை பாக்குத் தட்டோடு கிளம்பினார்.

கதவைத் திறந்த வீரபத்திரன், "பய எப்படியிருக்கான்?" என்றான்.

"உன்னை மாதிரித்தான் மாப்பிள்ள. வளர்த்தி இருக்கு, பலன் இல்ல."

வீரபத்திரன் சிரித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டான்.

தோட்டத்தில் ஜமக்காளம் விரித்து அவன் சம்மணமிட்டான். மரம் வேர்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்து மடியில் உட்கார்ந்தது. ஆசாரி அண்ணாந்து பார்த்து ஏணி கேட்டார். இரண்டு இலைகளில் தங்கக் கம்பி ஏறியது. மரம் அழவில்லை.

"எங்க அக்கா புள்ளையில்ல!" என்றான் வீரபத்திரன். கால் மரத்துப்போயும் எழுந்திருக்க மனமில்லை அவனுக்கு.

"நம்ம கையால போட்ட விதை" என்று சுருளிவேல் ஆசாரியிடமும் சொல்லிவைத்தார்.

வைகாசியில் மரம் கொத்துக்கொத்தாகச் சிவந்தது. ஒட்டுமரக்காரர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். சுருளிவேல் முதல் பழத்தைப் பறித்து மச்சினன் கையில் வைத்தார்.

"நீயே உரி மாப்பிள்ள."

உரித்தான். உள்ளே மழைநாள் பிற்பகல் ஒன்று இருந்தது. நன்றாகப் பழுத்திருந்தது. வீரபத்திரன் அதை விரலால் விலக்கிக் கொட்டையைப் பார்த்தான். மிளகு அளவுதான் இருந்தது.

"விதைக்கன்னுல கொட்டை இவ்வளவு சிறுத்து நான் பார்த்ததில்ல மச்சான். நான் சொன்னது தப்பு" என்றான், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

சுருளிவேல் மீசையைத் தடவிக்கொண்டார். மரகதவல்லி கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து உள்ளே போட்டுவிட்டு வந்து, பழத்தை ஆளுக்கு ஒரு மணி நேரமாகப் பிரித்துக் கொடுத்தாள்.