ஒரு தோணிக்கு ஒரு ஆபரேட்டர்

விடிந்தால் புரட்டாசி. அதற்குப் பிறகு முப்பது நாளைக்கு அந்த வீட்டில் மீன் வாடை வீசாது. மகள் சசிரேகாவுக்கு ஆபரேஷன் செய்து பிள்ளையெடுத்துப் பதினோரு நாளாகிறது. தையல் ஆற விரால் குழம்பு வேண்டும். கடைக்குப் போனால் வளர்ப்பு விரால் கிடைக்கும்தான். ஆனால் பன்னிரண்டு வருஷமாக ஏரியில் தோணி விட்டு மீன் பிடிக்கிற அம்சவல்லி, பெற்ற மகளுக்குக் கடை மீன் வாங்கினாள் என்றால் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். ஆகவே இன்றைக்கு ஒரு விரால் வந்தே தீர வேண்டும்.

மூன்று நாளைக்கு முன்பே வந்திருக்கும், புருஷன் கோதண்டராமன் தோணியில் ஏறாமல் இருந்திருந்தால்.

ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவர் அவர். போன மாதம் ஓய்வு கொடுத்து, சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆள்தான் வீட்டுக்கு வந்தார், தலைக்குள்ளிருந்த சூப்பர்வைசர் இறங்கவில்லை. இரண்டு ஆள் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிற ஃபைபர் தோணி அது. அதற்குள் மஞ்சள் பெயின்ட்டால் கோடு போட்டு, இது துடுப்புக்கு, இது மீன் கூடைக்கு, இது நடைபாதை என்று பிரித்து வைத்தார். தோணிக்குள் யார் நடக்கப் போகிறார்கள் என்று கேட்டதற்கு, "ரூல்னா ரூலு" என்றார். காலில் கம்பெனி பூட்ஸ் வேறு. அவர் காலை அசைத்தால் தோணி தொம் தொம்மென்று அடிக்கும். விரால் ஒன்றும் செவிடு இல்லையே.

அன்று காலையும் அப்படித்தான். தாமரை இலைகளின் ஓரம் தோணியை நிறுத்தி, தூண்டில் முள்ளில் குட்டித் தவளையைக் கோத்துத் தண்ணீர்மேல் தத்தவிட்டுக்கொண்டிருந்தாள் அம்சவல்லி.

"அம்சா, தவளை டப்பாவ எடது பக்கம் வெச்சின்னா ஒரு தபாவுக்கு ரெண்டு செகண்டு மிச்சம்."

"யோவ், வாய மூட்றியா?"

மூடினார். இலைக்கடியில் தண்ணீர் லேசாகப் புடைத்தது. கறுத்த முதுகு ஒன்று தவளையை நோக்கி மெல்ல வந்தது. அம்சவல்லி மூச்சை அடக்கினாள்.

ட்ர்ர்ர்ரிங்!

கோதண்டராமனின் சட்டைப் பையில் செல்போன் அலறியது. தண்ணீர் பளாரென்று உடைந்து, விரால் போன திசை தெரியவில்லை.

"பத்து மணி, டீ பிரேக்கு," என்று அவர் நிதானமாக ஃபிளாஸ்கைத் திறந்தார். "நீயும் குடி. டீ குட்ச்சாதான் கை ஓடும்."

அம்சவல்லிக்கு அந்த ஃபிளாஸ்கையும் அவரையும் சேர்த்து ஏரியில் கவிழ்க்கலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒரு மெஷினுக்கு எத்தினி ஆபரேட்டரு?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருஷம் ஊருக்கே சொன்ன பாடம். "ஒர்த்தன். ரெண்டு பேரு கை வெச்சா ஆக்சிடென்ட்டு."

"அப்ப இது இன்னா?"

"தோணி."

"இத்த வெச்சிதான வேல பண்றோம்?"

அவர் டீயை ஒரு மிடறு விழுங்கினார். மஞ்சள் கோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நாயந்தான்."

"நானு ஏ ஷிஃப்ட்டு. நீ பி ஷிஃப்ட்டு. ரெண்டு மணிக்கு வா."

உடனே அவர் எழுந்து நின்றார். தோணி ஒருபக்கம் சாய்ந்தது. "உக்காருய்யா! கரைக்குப் போய் எறங்கு!" என்று கத்தினாள்.

கரையில் இறக்கிவிட்டபோது, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தோணியோடு கட்டி, தினமும் எதையோ எழுதிவந்த நோட்டை அவர் தொடக்கூட இல்லை. "லாக் புக்கு மெஷினோடதான் இருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏரி அமைதியானது. ஆனால் விரால் வரவில்லை. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். வெயில் ஏறியது. தவளையும் சோர்ந்து போனது. அப்படி இந்த மனுஷன் என்னதான் எழுதிக் கிழித்தார் என்ற எரிச்சலில் நோட்டைப் பிரித்தாள்.

கட்டம் போட்ட தாள். குண்டு குண்டு எழுத்து.

'13ஆம் தேதி, 11.42. சாய்ந்த கருவேல மரம். விரால் மேலே வந்து மூச்சு விட்டது. பெரியது.'

'14, 11.50. அதே இடம். அதே மீன்.'

'15, 11.45. அதே இடம்.'

பக்கத்துக் கட்டத்தில்: 'பிடிபடாத காரணம்: ஆபரேட்டர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.' அதற்கடுத்து: 'நடவடிக்கை: ஆபரேட்டர் கோபத்தில் இருப்பதால் பிறகு தெரிவிக்கப்படும்.'

அம்சவல்லி நோட்டைப் படாரென்று மூடினாள். மூன்று நாள்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று நாளைக்கு முன்பே குழம்பு கொதித்திருக்கும்.

செல்போனில் மணி பார்த்தாள். பதினொன்று முப்பத்தாறு. துடுப்பைத் தண்ணீரில் பட்டும் படாத மாதிரி போட்டு, கருவேல மரத்தின் பக்கம் போய், புதுத் தவளையைக் கோத்துவிட்டுக் காத்திருந்தாள்.

பதினொன்று நாற்பத்தேழுக்குக் குமிழி வந்தது. தவளை தத்தியது. சளக்கென்ற சத்தத்தோடு தூண்டில் நரம்பு இழுபட்டு விரலை அறுத்தது. தோணி அரை வட்டம் சுழன்றது. விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, கடைசியில் முழங்கை நீள விராலைத் தூக்கிக் கூடையில் போட்டு, அதன்மேல் தானே உட்கார்ந்துகொண்டாள். மஞ்சள் கோடெல்லாம் சேறு.

கரைக்கு வந்தால், கோதண்டராமன் கம்பெனிச் சட்டையும் பூட்சுமாகச் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தார். மணி பன்னிரண்டேகால்.

"ஷிஃப்ட்டு முடிய இன்னும் ஒண்ணேமுக்கா மணி நேரம் கீது."

"மீனு மாட்டிக்கிச்சுய்யா!"

"டார்கெட் முட்ச்சாலும் லைன வுட்டு வரக்கூடாது."

"ஏன்யா, மூணு நாளா பாத்துக்கினு இருந்தியே, வாயத் தொறந்து சொன்னா இன்னா?"

"வாய மூடுன்னு நீதான சொன்ன?"

சொல்லியிருந்தாள். மூன்று நாளும் சொல்லியிருந்தாள். துடுப்பை அவர் கையில் திணித்துவிட்டு, விராலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவர் மட்டும் இரண்டு மணி வரை கரையிலேயே நின்று, அப்புறம்தான் தோணியில் ஏறினார்.

குழம்பு இறங்கும்போது மூன்றரை ஆகிவிட்டது. சசிரேகா பிள்ளையை மடியில் ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டு முதல் உருண்டையை வாயில் வைத்தாள். அந்த நேரம் வீட்டுக்கு எதிரே ஏரியின் நடுவிலிருந்து கணீரென்று கேட்டது.

ட்ர்ர்ர்ரிங்!

கரையோரத்துக் கொக்குகள் மொத்தமாக எழும்பின.

"அப்பாவாம்மா?" என்று கேட்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள் சசிரேகா.

"உங்கப்பன்தான். டீ குடிக்கிறாரு," என்றாள் அம்சவல்லி. "நீ இன்னொரு துண்டு போட்டுக்கோ. இனிமே அங்கிருந்து ஒரு கெண்டப்பொடிகூட வராது."