விஸ்கிர்தஸைச் சுமந்த சறுக்குவண்டி

தோரோபெட்ஸ் பக்கத்து ருஷ்ய ஊர்களைச் சூறையாடிவிட்டுத் திரும்பும் வழியில் விஸ்கிர்தஸ் செத்துப்போனார். ஆற்றுத்துறையில் மறித்த ருஷ்யக் குதிரைவீரர்களின் ஈட்டி ஒன்று அவர் கழுத்தில் பாய்ந்தது. லித்துவேனியக் காட்டில் பல ஊர்களை ஆண்டவர். கடைசி மூச்சு விட்டபோது அவர் தலையை மடியில் ஏந்தியிருந்தவன், அவருடைய கேடயத்தைச் சுமக்கும் தோல்வைசஸ்.

அவரைச் சறுக்குவண்டியில் கிடத்த இடமில்லை. கொள்ளையடித்த மெழுகுக் கட்டிகளை அவன் ஒவ்வொன்றாகப் பனியில் எறிந்தான்.

"டேய், கிறுக்குப் பிடிச்சிருச்சா?" விஸ்கிர்தஸின் தம்பி புட்ரிமஸ் குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்தான். அவன் முன்னால், சேணத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட ஒரு சிறுமி. "பொணத்த இங்கயே போடு. துரத்திக்கிட்டு வர்றானுங்க."

"போட்டா தலைய வெட்டி வேல்ல குத்திடுவானுங்க, சின்னவரே. குதிரையோட, வாளோட நம்ம ஊர்ல எரிக்கிறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"செத்தவனுக்கா வாக்கு?"

"குடுத்தப்போ உசுரோடதான் இருந்தாரு."

புட்ரிமஸ் காறித் துப்பிவிட்டு, எதிரே உறைந்து கிடந்த ஏரியின் கரையைச் சுற்றிக் குதிரையை விரட்டினான். மற்றவர்களும் பின்னால் போனார்கள். கனத்த வண்டியால் அந்த வேகத்தில் போக முடியாது. ஏரியைக் குறுக்கே கடக்கலாம். ஆனால் பனி இளகும் காலம்.

வண்டியின் பின்னால் கட்டியிருந்த ஃபெதினியா என்ற ருஷ்யப் பெண் சிரித்தாள். "போயேன். மீனெல்லாம் பசியோட கெடக்கு."

சந்தைகளில் பழகியதால் அவள் பேச்சு அவனுக்குப் புரிந்தது. "இந்த ஏரி உனக்குத் தெரியுமா?"

"என் புருஷன் வலை போட்ட ஏரி. அவனத்தான் வாசல்லயே வெட்டிட்டீங்களே."

தோல்வைசஸ் இடுப்புக் கத்தியை உருவி அவளிடமே நீட்டினான்.

"கயித்த அறுத்துக்க. உங்க ஆளுங்க வர்றாங்க, போறதுன்னா போ. வழி காட்டினா, சின்னவர் குதிரைல இருக்கிற உன் பொண்ண வாங்கித் தர்றேன்."

அவள் கயிற்றை அறுத்தாள். கத்தியைத் திருப்பித் தரவில்லை. "நாணல் ஓரமாவே ஓட்டு. கறுத்த பனில மட்டும் கால் வைக்காத" என்று முன்னால் நடந்தாள்.

காலடியில் பனி முனகியது. ஓரிடத்தில் வண்டியின் பின்பக்கம் தண்ணீரில் இறங்க, இருவரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். துரத்தி வந்தவர்கள் பனி உடையுமென்று பயந்து கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

அக்கரையில் புட்ரிமஸ் வாயைப் பிளந்தான். "பொண்ணக் குடுக்கணுமா? என் பங்குடா அது!"

"என் பங்கு மொத்தத்தையும் எடுத்துக்குங்க. என் குதிரையையும்." தோல்வைசஸ் அவன் கடிவாளத்தை விடவில்லை. "இல்லன்னா அண்ணன் பொணத்த விட்டுட்டு ஓடினத ஊர்ல சொல்லுவேன்."

புட்ரிமஸ் சிறுமியைக் கீழே தள்ளினான். ஃபெதினியா அவளை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"உங்க ராசா நல்லா எரியட்டும். இங்கயும், நரகத்துலயும்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே பனிமேல் நடந்தாள். அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு என்று தோல்வைசஸுக்குத் தோன்றியது.

மிச்ச வழி முழுவதும் வண்டிக் குதிரையின் பக்கத்திலேயே நடந்தான். குளிரில் விறைத்த கால்விரல் ஒன்று கறுத்து உதிர்ந்தது. ஊரில் கருவாலி மரக் கட்டை அடுக்கி, குதிரையோடும் வாளோடும் விஸ்கிர்தஸை எரித்தார்கள்.

லித்துவேனியத் தலைவன் ஒருவன் விழுந்தான் என்று மட்டும் ருஷ்யத் துறவிகள் தங்கள் ஆண்டுக்குறிப்பில் எழுதிவைத்தார்கள். பெயர் அவர்களுக்குத் தெரியாது. சிதைக்கு முன்னால் தோல்வைசஸ் அந்தப் பெயரைத் தொண்டை கிழியக் கூப்பிட்டான்.