கனடாக் குளிசை

என் மனுசன் குகதாசனுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வெங்காயம் செய்கிறார், கூடவே பிடிவாதமும் செய்கிறார். இரண்டிலும் நல்ல விளைச்சல்.

ஆடி மாதம் அவருடைய கால் பெருவிரலில் வந்த புண் ஐப்பசி மழை தொடங்கியும் காயவில்லை. கிளினிக்கில் டொக்டர் புண்ணைப் பார்த்தார், இரத்தம் சோதித்த முடிவு எழுதிய துண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சீனி குறையேல்லை அம்மா. இப்பிடியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும். குளிசை ஒழுங்காப் போடுறாரோ?"

"ஓம் டொக்டர். ஒரு நாளும் தவறுறேல்லை" என்று இவர் முந்திக்கொண்டார்.

கிளினிக்கில் தரும் குளிசையை இவர் தொடுவதே இல்லை. "சும்மா குடுக்கிற மருந்திலை என்ன சத்து இருக்கும்?" என்பார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆள். இவர் போடுவது கனடாக் குளிசை. இவருடைய தங்கச்சி ஆரணியின் புருஷனுக்கும் அங்கே இதே வருத்தம். அவருக்கு டொக்டர் எழுதிக் கொடுக்கும் குளிசையில் மிச்சம் பிடித்து, நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற ஆட்களிடம் அவள் கொடுத்துவிடுவாள். காலைச் சாப்பாடு முடிந்ததும் இவர் அறைக்குள் போவார், அலுமாரி திறக்கும், தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கும், "போட்டிட்டன்" என்று குரல் வரும்.

அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரே யோசனை. கனடா மருந்தே கேட்கவில்லை என்றால் வேறு எது கேட்கப்போகிறது? ஒருவேளை அது வேறு வருத்தத்துக்கான மருந்தோ? விரலை எடுத்தால் இந்த மனுசன் எப்படித் தோட்டத்தில் இறங்கும்? பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும். இறங்கி வீடு வரும்வரை அவரோடு கதைக்கவில்லை.

அடுத்த நாள் அவர் தோட்டத்துக்குப் போனதும், கிளினிக்கில் மருந்து கொடுக்கிற பிள்ளையிடம் காட்டிக் கேட்போம் என்று அலுமாரியைத் திறந்து போத்தலை எடுத்தேன். மூடியைத் திருகினேன். போத்தல் வாயை மூடி ஒட்டியிருந்த தாள் கிழிபடவே இல்லை. அடுத்த போத்தலும் அப்படித்தான். அப்படியானால் இவ்வளவு நாளும் இந்த மனுசன் அறைக்குள் போய்க் குடித்தது வெறும் தண்ணீரா?

மத்தியானம் அவர் வந்ததும் போத்தலை முன்னால் வைத்தேன்.

"இஞ்சருங்கோ, இது என்ன? கிளினிக் குளிசையும் இல்லை, கனடாக் குளிசையும் இல்லை. காலை வெட்டிக் குடுக்கிற யோசனையோ?"

அவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"உனக்கும் சீனி வருத்தம் வாற கரையிலை நிக்குதெண்டு அண்டைக்குக் கிளினிக்கிலை சொன்னவையெல்லே."

"மருந்து வேண்டாம், வாயைக் கட்டினால் காணும் எண்டும் சொன்னவை."

"இண்டைக்கு வேண்டாம். நாளைக்கு வந்தால்? ஆரணி எவ்வளவு காலத்துக்கு அனுப்புவாள்? அது உனக்கு இருக்கட்டும் எண்டு வைச்சனான். எனக்கென்ன, வயது போன கால்."

எனக்குக் கோபப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தேன். எங்கள் வீட்டில் வெளிநாட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் இதுதான் விதி. நல்லது என்று தெரிந்தால் பூட்டி வைப்போம். ஆனால் மருந்தையுமா?

போத்தலோடு கிளினிக்குக்குப் போனேன். மருந்து கொடுக்கிற பிள்ளை தர்சிகா அதை வாசித்துவிட்டு எங்களுக்குக் கிளினிக்கில் தந்த குளிசை உறையையும் வாசித்தாள்.

"இரண்டும் ஒரே மருந்துதான் அம்மா. கொம்பனி வேறை, நிறம் வேறை, அவ்வளவுதான். நாங்கள் தாறதையே போடச் சொல்லுங்கோ. ஒண்டு போட்டாக் காணும், இரண்டையும் சேர்த்துப் போட்டிடாதையுங்கோ."

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஒண்டெண்டால் ஒண்டை ஏன் சும்மா தருகினம், மற்றதை ஏன் அவ்வளவு விலைக்கு விக்கினம்? அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

அழுதேன், ஏசினேன், கந்தசுவாமியார் மேல் சத்தியம் செய்தேன். அசையவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"சரி. நீ இண்டைக்குத் தொடக்கம் கனடாக் குளிசையைப் போடு. அப்ப நான் கிளினிக் குளிசையைப் போடுறன். நல்லது உனக்குச் சேர்ந்தால் எனக்கு எது எண்டாலும் பரவாயில்லை."

வருத்தமில்லாத நான் மருந்து போட்டால்தான் வருத்தக்காரர் மருந்து போடுவாராம். இது எந்த ஊர் நியாயம்? ஆனால் அந்த விரல் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஓம் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு காலையில் இருவரும் எதிரெதிரே நிற்போம். அவர் என் தொண்டையையே பார்ப்பார். நான் குளிசையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை விழுங்குவேன். உடனே அவரும் தன்னுடையதை விழுங்குவார். நான் கிணற்றடிக்குப் போய்த் துப்புவேன். பொய் சொல்லாதே என்று அவரை ஏசிய வாய் இது. சரியா பிழையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. புண் மட்டும் காயத் தொடங்கியது.

தையில் கிளினிக்குக்குப் போனோம். அவருக்குச் சீனி நன்றாக இறங்கியிருந்தது. எனக்கும் சோதித்தார்கள். சோற்றைக் குறைத்ததில் என்னுடையதும் கரையை விட்டு இறங்கியிருந்தது.

"நல்லது ஐயா, விரல் தப்பிட்டுது. இனி ஒரு நாளும் விடாதையுங்கோ" என்றார் டொக்டர்.

"என்ரையை விடுங்கோ டொக்டர், நான் உங்கடை குளிசையைத்தான் போடுறன்" என்றார் இவர். முகம் முழுக்கப் பெருமை. "இவவைப் பாருங்கோ. சீனி அடியோடை இல்லை. எல்லாம் கனடாக் குளிசையின்ரை வேலை."

டொக்டர் அவரைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், குழம்பிப்போய் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் குளிசை போடுறியளோ அம்மா?"

இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் டொக்டர்" என்றேன். "ஒரு நாளும் தவறுறேல்லை."