சிங்காரிக்கு வளைகாப்பு

என் கையால் சாப்பிட்டு யாரும் மெலிந்ததில்லை. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் விடுதியில் இருபத்திரண்டு வருடம் சமைத்தவள் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன், பெருமைக்காக இல்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான். ஜூன் மாதம் எலும்பும் தோலுமாக வந்து சேரும் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது பாவாடை இடுப்பில் ஏறாது. என் வேலையை நான் அதை வைத்துத்தான் அளந்து வந்தேன்.

விடுதியை மூடிய பிறகு ‘அடைக்கலம்’ என்ற விலங்கு மீட்பு இல்லத்தில் வேலை கிடைத்தது. வத்தலக்குண்டு தாண்டி, கொடைக்கானல் ரோடு மலையேறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அடிபட்ட ஆமை, இறக்கை ஒடிந்த பருந்து, யாரோ விட்டுப்போன கிளிகள், எல்லாருக்கும் நான்தான் சமையல்காரி. போன தை மாதம் அங்கே சிங்காரி வந்தாள். கறுத்த முகம், சாம்பல் உடம்பு, உடம்பைவிட நீளமான வால். காட்டில் இலை தின்று வாழும் மந்திக் குரங்கு. இவளோ காட்டையே பார்த்ததில்லை. பழனிப் பக்கம் ஒரு லாட்ஜ் வாசலில் சங்கிலியில் கிடந்து, வருகிறவர் போகிறவர் கொடுத்த பஞ்சாமிர்தத்திலும் டீயில் நனைத்த பிஸ்கட்டிலும் வளர்ந்தவள்.

அப்போது இருந்த டாக்டர் ஒரு பட்டியல் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். பூவரசு, அரசு, அகத்தி, முருங்கை, புளியங்கொழுந்து. தாள் நிறைய இலையாகவே இருந்தது, சோறு என்ற சொல்லே இல்லை. மனிதர் எழுத மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் பட்டியல்படிதான் போட்டோம். சிங்காரி இலையை விரலால் ஒதுக்கிவிட்டு, பார்க்க வருகிறவர்கள் நீட்டிய வாழைப்பழத்தை மட்டும் தின்றாள். நாலாம் நாள் வயிற்றால் போனது. வயிறு சரியில்லாதவர்களுக்கு எந்த வீட்டிலாவது கீரை கொடுப்பார்களா? இலையும் கீரைதானே. உடனே நிறுத்தினேன். அரிசியைக் குழைய வேகவைத்துக் கஞ்சியாக்கி, சிறுமலை வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டுக் கொடுத்தேன். வாரி வாரித் தின்றாள். மறுநாள் இன்னும் அதிகமாகப் போனது. அதனால் நான் கஞ்சியை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

இப்படியே வைகாசி வந்தது. புது டாக்டர் வருகிறார், வருகிறார் என்றார்கள், வந்தபாடில்லை. வயிற்றால் போவதும் நிற்பதுமாக இருந்த சிங்காரிக்கு வயிறு மெல்ல மெல்ல முன்னால் தள்ளத் தொடங்கியது. ஒரு நாள் அவள் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். நிலக்கோட்டையில் மல்லிகை வியாபாரம் செய்யும் அய்யம்மாள் அக்கா அன்று என்னைப் பார்க்க வந்திருந்தார். எட்டுப் பிரசவம் பார்த்த அனுபவசாலி.

“ஏத்தா கிளாரா, இது முழுகாம இருக்குத்தா,” என்றார்.

“ஒத்தையிலல்லக்கா கெடக்கு?”

“காட்டு மந்தி ஒண்ணு வேலி மேல வந்து உக்காந்திருந்துச்சுன்னு நீதான சொன்ன.”

சொன்னது நான்தான். அதற்குமேல் எனக்கு யோசனை ஓடவில்லை, ஓடவிடவும் இல்லை. அம்புட்டு சந்தோஷம். ஐந்து மாதமாக என் கஞ்சியைக் குடித்த பிள்ளை, இப்போது இரண்டு உயிராக நிற்கிறாள். கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தோணிராஜிடம் சொன்னேன். நாற்பது வயது ஆள், பெரிய மீசை. கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

அடுத்த ஞாயிறு வளைகாப்பு. அய்யம்மாள் அக்கா வளையலும் பூவும் கொண்டுவந்தார். நான் பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக அடுப்படிக்கு வந்து ஐந்து வகைச் சாதம் கிண்டினேன். புளிச்சாதம், எலுமிச்சை, தேங்காய், தயிர், கடைசியாக நெய் வடியச் சர்க்கரைப் பொங்கல். வளையலைக் கையில் போட்டால் கடித்துவிடுவாள் என்று கூண்டுக் கம்பியில் வரிசையாக மாட்டினோம். கதவுக்குச் சந்தனம் பூசினோம். அக்கா நலங்கு பாட, அந்தோணிராஜ் செல்போனில் படம் எடுத்தான்.

சிங்காரி மற்ற நாலையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சர்க்கரைப் பொங்கலை மட்டும் இரண்டு கையாலும் அள்ளினாள். தட்டு காலியானதும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு, அவள் என் கழுத்துச் சங்கிலியைக் கேட்டிருந்தாலும் கழற்றிக் கொடுத்திருப்பேன், பொங்கல்தானே. இன்னொரு தட்டு வைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் அவள் பக்கவாட்டில் சரிந்தாள். வாயில் எச்சில் வழிந்தது. வயிறு பறை மாதிரி விறைத்திருந்தது.

“வலி வந்திருச்சு!” என்றார் அய்யம்மாள் அக்கா. “வெந்நி வைத்தா!”

நான் வெந்நீர் வைக்க ஓடினேன். வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஐந்து மாதமாக வருகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்த புது டாக்டர் மலர்விழி, சொல்லாமல் கொள்ளாமல் அன்றைக்கு வந்துவிட்டார். சந்தனம் பூசிய கதவையும் கம்பியில் தொங்கிய வளையலையும் ஒரு நிமிடம் பார்த்தார். உள்ளே போய், சிங்காரியின் வயிற்றில் இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார்.

“எத்தன நாளா தனியா இருக்கா?”

“தையிலருந்து, டாக்டரம்மா.”

“அப்ப அப்பா யாரு?”

“வேலி மேல...” என்று ஆரம்பித்தார் அய்யம்மாள் அக்கா.

“வேலி மேல உக்காந்தா போதுமா? இது புள்ள இல்லம்மா, காத்து.”

ஊசி போட்டு மயக்கி, வாய்வழியாக ஒரு மெல்லிய குழாயை இறக்கினார். மூன்று நாள் மூடி வைத்த மாவுப் பானையைத் திறந்த மாதிரி ஒரு வாடை வந்தது. எனக்குத் தெரிந்த வாடை அது. வயிறு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. என் மானமும் கூடவே இறங்கியது.

என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். கஞ்சியிலிருந்து பொங்கல்வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

“கிளாராக்கா, இவ வயிறு நம்ம வயிறு மாதிரி இல்ல, மாட்டு வயிறு மாதிரி. உள்ள அறை அறையா இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர் அதுக்குள்ள இருந்து, இலையக் கொஞ்சங் கொஞ்சமாப் புளிக்கவச்சு இவளுக்குச் சாப்பாடாக்கும். அதுக மெதுவா வேல செய்றதுக்குத்தான் இலை. சோறும் சீனியும் போனா எல்லாம் ஒரே நேரத்துல பொங்கிரும். நார் இல்லாததுனாலதான் வயித்தாலயும் போயிருக்கு.”

“அய்யய்யோ!” என்று தலையில் அடித்துக்கொண்டார் அய்யம்மாள் அக்கா. “எங்க செவலப் பசு மாட்டுப் பொங்கலுக்குப் பொங்கச்சோத்தத் தின்னுட்டு இப்பிடித்தான உப்பிக் கெடந்துச்சு! அதையும் பாத்தேன், இதையும் பாத்தேன், புத்திக்கு எட்டலையே!”

மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இன்னியிலருந்து சோறு, பழம், சீனி எதுவும் கெடையாது. இலை மட்டும். மூணு நாளைக்குள்ள அவ இலையத் தொடணும். இல்லன்னா உள்ள இருக்கிற மிச்ச உயிரும் செத்துரும். அப்புறம் என் கையில எதுவும் இல்ல. மனசு எளகி ஒரு வாய் பொங்கல் கொடுத்தீங்கன்னாலும் அதே கததான்.”

அப்படியானால் சோறு கொடுத்தாலும் சாவாள், கொடுக்காமல் விட்டு அவள் இலையைத் தின்னாவிட்டாலும் சாவாள். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு சமையல் என் தலையில் விழுந்ததில்லை.

முதல் நாள் அந்தோணிராஜ் பூவரசங்கொழுந்து ஒடித்து வந்து போட்டான். சிங்காரி அதை எடுத்து அவன் மீசையிலேயே விட்டெறிந்தாள். இரண்டாம் நாள் எறியக்கூட இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் போனால் மெதுவாகக் கையை நீட்டினாள், சத்தமில்லாமல். மத்தியானம் என் முந்தானைக்குள் ஒரு சிறுமலைப் பழம் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கூண்டுவரை போய்விட்டேன். கம்பியில் தொங்கிய வளையல்கள் என் தோளில் பட்டுக் கலகலத்தன. நான் மாட்டிய வளையல்கள்தான். திரும்பி ஓடி, சமையலறைக்குப் பின்னால் நின்று அந்தப் பழத்தை நானே தின்றேன். அழுதுகொண்டே தின்றேன், அதனால் அதன் ருசி நினைவில் இல்லை. இத்தனை நாளும் நான் பார்த்துப் பார்த்துப் பூரித்தது அவள் வயிற்றை இல்லை, என் கை ருசியை.

மூன்றாம் நாள் காலையில் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. யார்மேல் என்று தெரியவில்லை, ஆனால் எனக்கு ஆத்திரம் வந்தால் மூளை வேலை செய்யும். விடுதியில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! தன் தட்டில் இருக்கும் உப்புமாவைத் தொடமாட்டாள், ஆனால் பக்கத்துத் தட்டிலிருந்து அதே உப்புமாவைத் திருடித் தின்பாள்.

ஒரு முறம் நிறையப் புளியங்கொழுந்து பறித்து வந்து, கூண்டுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். சிங்காரிக்கு ஓர் இலைகூடப் போடவில்லை. நானே ஒவ்வொரு கொத்தாக வாயில் போட்டு, சப்புக்கொட்டி, கண்ணை மூடி மென்றேன்.

“ஏலே அந்தோணி! ஒனக்கு வேணுமா? தரமாட்டேன்!” என்று சத்தம் போட்டேன்.

“எனக்கு எதுக்குக்கா?” என்றான் அவன், பயந்துபோய்.

புளியங்கொழுந்து தீர்ந்ததும் அரசங்கொழுந்து. அது துவர்த்தது. பிறகு முருங்கை, பச்சையாக. தொண்டையில் இறங்க மறுத்தது. ஆனாலும் தேவாமிர்தம் தின்கிற முகத்தோடு முறத்தை மடிக்குள் இழுத்து ஒளித்துக்கொண்டு, கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். செத்த நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கறுத்த கை வந்தது. முறத்தைத் தடவியது. ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டு மறைந்தது.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பின்னால் மெல்லும் சத்தம் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பத்தாவது கொத்து வரைக்கும் திருடவிட்டேன், பிறகு சண்டை போடுவது மாதிரி இரண்டு கொத்தைப் பிடுங்கியும் பார்த்தேன். விடவில்லை அவள்.

அன்று மாலை எனக்கு வயிற்றால் போனது. கழிவறைக்கும் கூண்டுக்குமாக நான் நடந்த நடைக்குப் பழனிப் பாதயாத்திரை போய்விட்டு வந்திருக்கலாம். அந்தோணிராஜ் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தான். போனில் கேட்ட டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அதேதாங்க்கா. ஒங்களுக்குக் கஞ்சி, அவளுக்கு இலை. மாத்திராதீங்க,” என்றார்.

மூன்று நாள் இப்படியே திருட்டுச் சாப்பாடு நடந்தது. மறுநாளிலிருந்து நான் மெல்லுகிற மாதிரி பாவனை மட்டும்தான் செய்தேன். பிறகு திருட்டுக்குத் தேவையில்லாமல் போனது, கூண்டுக்குள் போட்டாலே தின்றாள். பத்தாம் நாள் காலை கூண்டைக் கூட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். தரையில் கரும்பச்சையாக, கெட்டியாக, உருண்டை உருண்டையாக! ஐந்து மாதத்தில் அவள் போட்ட முதல் நல்ல புழுக்கை. டாக்டருக்குப் போன் போட்டு, நிறம், அளவு, எண்ணிக்கை எல்லாம் கத்தினேன். அந்தப் பக்கம் அவர் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாராம். “பொழச்சுட்டாக்கா! இனிப் பயமில்ல!” என்று அவரும் கத்தினார். சுற்றி நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அய்யம்மாள் அக்கா பூக்கூடையோடு நிற்கிறார்.

“என்னத்தா இம்புட்டுச் சத்தம்? பொறந்திருச்சா?” என்றார் கேலியாக.

கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். குனிந்து, பேரப்பிள்ளையின் முகம் பார்ப்பதுபோல நன்றாகப் பார்த்தார். நிமிரும்போது அவர் கண்ணிலும் தண்ணீர். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். கற்கண்டு. பிறந்த பிள்ளைக்கு நாக்கில் சேனை வைக்க வளைகாப்பன்றைக்கே வாங்கி வைத்தது, தூக்கிப்போட மனமில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாராம்.

“இவளுக்குச் சீனி ஆகாதுக்கா,” என்றேன். “எனக்கு வைங்க.”

அக்கா ஒரு துண்டை எடுத்து என் வாயில் போட்டார். நான் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்று, வேண்டுமென்றே கடக்முடக்கென்று கடித்தேன். சிங்காரி தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு பூவரசங்கொழுந்தை மெல்ல ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வருடச் சமையல்காரியை இப்படி மதிக்காமல் சாப்பிட்ட முதல் ஆள் அவள்தான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.