சந்தைக்கு வந்த ஏழு மரங்கள்

சிவந்த புளிப்புப் பழம் காய்க்கும் குவாண்டாங் காட்டு மரங்கள் ஏழும் மெரிண்டி ஊரின் சனிக்கிழமைச் சந்தைக்கு நடந்து வந்தது செப்டம்பர் மூன்றாம் வாரம். அன்று தக்காளி கிலோ ஒன்பது டாலர், முட்டை டஜன் எட்டு. வந்த மரங்கள் யாரையும் இடிக்காமல் நோலா ட்ரெசைஸின் மேசைக்குப் பின்னால் வரிசையாக நின்றுகொண்டன.

நோலா பத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். சாலையோரத்துக் காட்டு மரங்களில் எது எந்த வாரம் சிவக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. வேலையை விட்ட பிறகு அந்தப் பழங்களைப் பறித்து, கொட்டை நீக்கி, வெயிலில் காயவைத்து, ஊறப்போட்டு, சர்க்கரையோடு கிளறி ஜாம் விற்றாள். மற்றவர்கள் பாதிக்குப் பாதி ஆப்பிள் சேர்ப்பார்கள். செத்தாலும் அவள் சேர்க்கமாட்டாள். கீழே விழுந்த பழத்தையும் தொடமாட்டாள், அது ஈமு கோழிகளின் பங்கு. வாங்க வந்தவர்கள் ருசி பார்த்து, புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு பாட்டில் கேட்பார்கள். அந்த மூடிய கண்ணைப் பார்ப்பதில் நோலாவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வருடம் சந்தைக் கமிட்டி ஒரு விதி போட்டது: தானே வளர்த்ததைத்தான் விற்கலாம், வளர்த்தவர் நேரில் நிற்க வேண்டும். படிவத்தில் வளர்த்தவர் பெயர் என்ற இடத்தில் நோலா கூசாமல் ‘ஈமு’ என்று எழுதினாள். ஈமு தின்று எச்சமிட்ட கொட்டைதானே முளைத்தது. கமிட்டித் தலைவன் ரெக்ஸ் லிண்ட்னர், தேன் விற்பவன், அவளோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், தலையில் கை வைத்துக்கொண்டான்.

“பேசாம உன் வீட்டுக் கொல்லைன்னு எழுதிட்டுப் போயேன் நோலா. யாரு வந்து பாக்கப் போறா?”

“என் கொல்லையில பழைய டயருதான் கெடக்கு. நான் நடாததை நட்டேன்னு எழுத மாட்டேன். உன் தேனீ எவன் வீட்டுப் பூவுல குடிச்சுட்டு வருதுன்னு நீ எழுதுனியா?”

ரெக்ஸுக்குக் காது சிவந்துவிட்டது. “அப்ப வளர்த்தவங்களையே அடுத்த வாரம் கூட்டிட்டு வா. இல்லைன்னா மேசையை எடுத்துடு.”

மேசை போனால் நோலாவுக்கு வேறு பிழைப்பில்லை. ஆனாலும் படிவத்தை அவள் திருத்தவில்லை. புதன்கிழமை பழம் பறிக்கப் போனபோது ரெக்ஸ் சொன்னதை மரங்களிடம் சொன்னாள். புகாராக அல்ல, ஊர்ச் செய்தியாக.

அந்தச் சனிக்கிழமை மரங்கள் நடந்தது இருபத்துமூன்று கிலோமீட்டர். சாலையின் இடப்பக்கமாகவே வந்ததாக பால் வண்டிக்காரர் சொன்னார். பக்கத்து மரத்தின் வேரை உறிஞ்சி வாழும் சாதி என்பதால், தங்களுக்குப் பாலூட்டும் வேலமரத்தையும் கையோடு கூட்டி வந்திருந்தன. கடைசியாக ஓர் ஈமு வந்தது.

ரெக்ஸ் படிவத்தோடு வந்தான். மரத்தில் ஒரு பழம், பாட்டிலில் ஒரு கரண்டி என்று மாறி மாறித் தின்றான். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. பிறகு ஏழு மரங்களின் கிளைகளிலும் கமிட்டியின் அனுமதி அட்டையை மாட்டிவிட்டு வேலமரத்தின் முன் நின்றான்.

“இது யாரு?”

“கூட வந்த சொந்தம். இது இல்லாம அதுக நிக்காது.”

அதற்கும் ஓர் அட்டை மாட்டினான். நோலா தலையை நிமிர்த்திக்கொண்டு மதியத்துக்குள் அறுபது பாட்டில் விற்றாள். சந்தை கலைந்ததும் மரங்கள் வந்த வழியே திரும்பின. ஈமு மட்டும் கார் நிறுத்தும் இடத்தில் எச்சமிட்டுவிட்டுப் போனது. ரெக்ஸ் அதைச் சுற்றி நான்கு கல் வைத்தான்.

இப்போது அங்கே இடுப்புயரத்துக்கு ஒரு கன்று நிற்கிறது. யாரும் வண்டி நிறுத்துவதில்லை. செப்டம்பர் தோறும் மரங்கள் வந்து போகின்றன. வளர்த்தவர் பெயர் என்ற இடத்தில் நோலா ஈமு என்றே எழுதுகிறாள். ரெக்ஸ் நிமிர்ந்து பார்க்காமல் முத்திரை குத்துகிறான்.